நின்ற இடத்தில் இறங்கும் பேட்டரி

மரியான் காரின் பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்தபோது வீட்டுக்குள் ஜெபமாலை பாதி தாண்டியிருந்தது. பெண்களின் குரல் ஏறி இறங்க, ஆண்களின் குரல் முனகலாகப் பின்னால் வந்தது. நடுவீட்டில் பெஞ்சின்மேல் அவன் அண்ணன் சிலுவை, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, கால் பெருவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டுக் கிடந்தான். சாயங்காலம் அடக்கம். கூடப்பிறந்த ஒரே தம்பி தலைமாட்டில் நிற்காமல் பக்கத்து ஷெட்டில் காரைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறானே என்று துட்டிக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். பார்க்காத மாதிரிப் போனவர்கள் வெளியே வரும்போது நின்று பார்த்தார்கள்.

அவனுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் நேற்று மத்தியானத்திலிருந்து அவன் மண்டைக்குள் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனைக் கொன்றது தன் கையா, இல்லையா? அது தெரியாமல் அந்த முகத்துக்கு முன்னால் போய் நிற்க அவனுக்குத் தெம்பு இல்லை.

சிலுவையின் காரைத் தெரியாதவர்கள் ஊரில் குறைவு. ரயிலில் வந்து இறங்கிக் கொழும்புக் கப்பலுக்குப் போகிறவர்களைத் துறைக்குக் கொண்டுவிடுவது, திருச்செந்தூருக்குச் சாமி பார்க்கப் போகிறவர்களை ஏற்றிப்போவது, இப்படி அந்த வீட்டுக்குச் சோறு போட்டது அந்த வண்டிதான். சண்டைக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் செங்கல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. சண்டை முடிந்து, இருட்டடிப்பும் போய், கூப்பனுக்குக் கொஞ்சம் பெட்ரோல் கிடைக்க ஆரம்பித்ததும் சிலுவை அதை இறக்கினான். ராத்திரிச் சவாரியும் வந்தது. திருச்செந்தூர் ரோட்டில் மாடு படுத்துக் கிடக்கும், மாட்டுவண்டிக்காரன் தூங்கிக்கொண்டே வருவான். அதற்காக, மில்லில் ஒயர்மேனாக இருக்கிற மரியான் முன் பம்பரில் இன்னொரு விளக்கை வைத்து, பேட்டரியிலிருந்து அதற்குத் தனியாக ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தான். நல்ல விளக்கு. அண்ணனுக்குப் பெருமை பிடிபடவில்லை. பட்டப்பகலில்கூட யாராவது வந்தால் ஒரு தரம் போட்டுக் காட்டுவான்.

அதற்குப் பிறகுதான் சனியன் பிடித்தது. ஓடுகிறவரைக்கும் வண்டிக்கு ஒரு குறையும் கிடையாது. நிறுத்தினால் போச்சு. ராத்திரி முழுக்க நின்ற வண்டி, காலையில் செல்ப்பை அமுக்கினால் முனகும். இன்னும் ஒரு நாள் சேர்த்து நின்றால் அந்த முனகலும் இருக்காது. சிலுவை பேட்டரியைக் கழற்றி, கிரேட் காட்டன் ரோட்டில் சார்ஜ் ஏற்றுகிற வன்னியபெருமாள் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவான். "நிக்கிற வண்டில எவனோ உக்காந்து கரண்டக் குடிக்கான்டே. யாருன்னு ஒந்தம்பியப் பாக்கச் சொல்லு" என்று அண்ணாச்சி ஒவ்வொரு தரமும் சொல்லி அனுப்பினார்.

மரியானும் பார்க்காமல் இல்லை. டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கிற கட்டவுட் ஒட்டிக்கொண்டால் கரண்ட் வந்த வழியே திரும்பிப் போய்விடும் என்று அதைக் கழற்றி அரத்தால் தேய்த்து மாட்டினான். பேட்டரி ஒயரைக் கழற்றி நடுவில் ஒரு சின்ன பல்பைக் கொடுத்துப் பார்த்தான். எங்கேயாவது கரண்ட் ஒழுகினால் பல்ப் மினுங்க வேண்டும். மினுங்கவில்லை. ரொம்பக் கொஞ்சமாக ஒழுகினால் பல்புக்குத் தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியும். மிச்சம் இருந்தது அவன் இழுத்த ஒயர்தான். அதை முழுசாக அவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை மில்லில் ஓவர்டைம் வரும், வராவிட்டால் தூக்கம் வரும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்பான்.

"அதுவரைக்கும் ஒண்ணு செய்யி. வண்டிய நிறுத்துனதும் பேட்டரி ஒயரக் கழட்டிப் போட்டுரு. கழட்டிட்டா எவனாலயும் குடிக்க முடியாது" என்று அண்ணனுக்கு வழி சொன்னான்.

வியாழக்கிழமை சாயங்காலம் பேட்டரி முழுச் சார்ஜோடு வந்து வண்டியில் ஏறியது. அன்று ராத்திரியே சிலுவைக்கு வயிற்றுவலி. வெள்ளிக்கிழமை முழுக்க ஓமத்தண்ணீரும் சுக்கும். சனிக்கிழமை விடிந்தபோது வயிறு பலகை மாதிரி ஆகியிருந்தது. டாக்டர் வந்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "குடல் முறுக்கிக்கிட்டிருக்கு. பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே கொண்டு போங்க, கத்தி வச்சாத்தான் பிழைப்பான்" என்றார். வாசலிலேயே கார் நிற்கிற வீட்டில் யார் வேறு வண்டி தேடுவார்கள்? அதுதான் அவர்களைக் கெடுத்தது.

மரியான் மில்லிலிருந்து ஓடிவந்தபோது சிலுவையைப் பின்சீட்டில் படுக்கவைத்துத் தெருக்காரர்கள் காரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஹேண்டில் போட்டுச் சுற்றிப் பார்த்துத் தோள் கழன்றவர்கள் இப்போது தள்ளுகிறவர்களாக மாறியிருந்தார்கள். பொறி தட்டக்கூடப் பேட்டரியில் கரண்ட் இல்லாததால் என்ஜினில் ஒரு இருமல்கூட இல்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் சிலுவை கத்தினான். அவன் பெண்சாதி பிலோமி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். மரியான் பானெட்டுக்குள் கையை விட்டு என்னென்னவோ செய்துபார்த்தான். கடைசியில் யாரோ ஒருவர் பஞ்சு ஏற்றிப்போகிற லாரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

பிலோமி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் பொதிகளின் மேல் மரியான் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். வாகைக்குளம் தாண்டியதும் கத்தல் நின்றுவிட்டது. அது நல்லதற்கு இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. வல்லநாட்டு மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சிலுவை கண்ணைத் திறந்து, "நீ சொன்ன மாதிரி கழட்டித்தாம்லே வச்சிருந்தேன்" என்றான். அவ்வளவுதான். மூச்சு அடங்கிவிட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லி மரியான் லாரியின் கூரையைத் தட்டவில்லை. முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் இன்னும் கொஞ்ச தூரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற நினைப்பிலேயே போகட்டும் என்று விட்டுவிட்டான்.

இப்போது ஷெட்டில் நின்றுகொண்டு அந்தக் கடைசிப் பேச்சைத்தான் அவன் திரும்பத் திரும்ப உரசிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜுரவேகத்தில் சொன்னதா? கழற்றியதாக நினைத்துக்கொண்டு கழற்றாமல் விட்டிருந்தானா?

"ஏலே, பொணத்த நடுவீட்ல வச்சிக்கிட்டு இங்கன என்ன ரிப்பேர் பண்ணுத?"

வந்து நின்றவன் ரோச், பிலோமியின் அண்ணன். கொழும்புக்குப் போகிற தோணியை நடத்துகிற தண்டல். கடலில் பாய்மரத்துக்கு மேலே நிற்கிறவனுக்குக் கேட்கிற மாதிரியே தரையிலும் பேசுவான்.

"மச்சான், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நேத்து நீங்கதான மொதல்ல பானெட்டத் தொறந்தது? ஒயரு பேட்டரில மாட்டி இருந்திச்சா, கழண்டு கெடந்துச்சா?"

"கழட்டில்லா போட்டிருந்தான். துணியச் சுத்தி ஓரமா வச்சிருந்தான், பாவி மனுசன். நாந்தான் எடுத்து மாட்டி முறுக்குனேன். மாட்டிட்டு அமுக்குனா, க்ளிக்குனு ஒரு சத்தம். அத்தோட சரி." ரோச்சின் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க இன்னும் பெரிதாகக் கத்தினான். "எல்லாம் நீ இழுத்த ஒயருலே! அந்த எழவு வெளக்கு வந்த நாள்லேருந்துதான் இந்த வண்டிக்கு இந்தச் சீக்கு. ரெண்டு மாசமா ஒனக்கு ஒரு ஞாயித்துக்கெழம கெடைக்கல. இப்ப பாத்துக் கிழி!"

அவன் உள்ளே போய்விட்டான். மரியான் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரோச் தன்னை என்ன சொல்லித் திட்டினான் என்பதே அவன் காதில் பாதிதான் விழுந்தது. துணி சுற்றி ஓரமாக வைத்திருந்தான். அப்படியென்றால் வியாழக்கிழமை ராத்திரியிலிருந்து பேட்டரிக்கும் காருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. விளக்கும் குடிக்க முடியாது, டைனமோவும் குடிக்க முடியாது. அப்படியும் இறங்கியிருக்கிறது. குடித்தவன் வெளியே இல்லை. பேட்டரிக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான்.

என் ஒயர் இல்லை என்று அவனுக்கு உரக்கச் சொல்ல வேண்டும் போல இருந்தது. நேற்றிலிருந்து முதல் தடவையாக அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே அழுதான்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பேட்டரியின் மூடிகளைத் திருகி எடுத்தான். மூன்று அறையிலும் தண்ணீர் கழுத்துவரை நின்றது. இந்த வெயிலில் தண்ணீர் வற்றித்தான் இருக்க வேண்டும், இப்படி வழிகிற மாதிரி நிற்கக் கூடாது. பேட்டரிக்கு ஊற்றுவதற்கென்று மருந்துக்கடையில் வாங்கிவந்த டிஸ்டில் வாட்டர் பாட்டில் ஷெட்டு மூலையில் இருந்தது. கார்க்கின்மேல் ஒட்டிய தாள்கூடக் கிழியவில்லை. கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதுவும் இதற்குள் போகக் கூடாது என்று அவன் அண்ணனிடம் தலையில் அடித்துச் சொல்லியிருந்தான். அண்ணன் அதில் கெட்டி. அப்படியானால் ஊற்றியது யார்?

"மரியான்."

பிலோமி கறுப்புச் சேலையில் ஷெட்டு வாசலில் நின்றாள். ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அம்மா செத்து, அப்பாவும் செத்து, பன்னிரண்டு வயதில் மரியான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் புதுப்பெண். அவளுக்கும் சிலுவைக்கும் பிள்ளை கிடையாது. பிள்ளை என்று அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தது, பரீட்சையில் தோற்றபோது அடித்தது எல்லாம் இவனைத்தான்.

"அந்த ஜெபமாலைய எடுத்துக் குடு. அவுக கையில சுத்தணும். வீட்ல இருக்கது வேண்டாம், அவுக வண்டியிலயே தொங்குனதுதான் அவுகளுக்குப் புடிக்கும்."

கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையை அவன் எடுத்துக் கொடுத்தான். அவள் உடனே போகவில்லை. திறந்து கிடந்த பேட்டரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு நான் என்ன கொற வச்சேன் மரியான்? சொல்லு பாப்போம்."

"என்ன மைனி?"

"ராச்சவாரி போக ஆரம்பிச்சதுலேருந்து ஒரு சனிக்கெழம விடல. மாதா கோயிலுக்குப் போயி தீர்த்தம் எடுத்துட்டு வந்து, ஒவ்வொரு ஓட்டையிலயும் கொஞ்சங் கொஞ்சமா ஊத்துவேன். அவுக குடிக்கப் போற தண்ணி மாதிரி பாத்துப் பாத்து ஊத்துனேன்." ஜெபமாலை மணிகளை அவள் விரல் உருட்டியது. "எங்கய்யா சங்கு குளிக்கப் போகையில எங்கம்மா வள்ளத்துத் தலைப்புல தெளிக்காம விட மாட்டா. ஒரு நாளும் அவரு திரும்பி வராம இருந்தது கெடையாது. வண்டிக்கு எங்கன தெளிக்கன்னு எனக்குத் தெரியல. இதுலதான் உயிரு இருக்குன்னு அவுக சொல்லுவாக. அதான் இதுல ஊத்துனேன். வியாழக்கெழம சார்ஜ் போட்டு வந்தப்பக்கூட, இந்தத் தடவையாவது கைவிட்டுரக் கூடாதுன்னு இருந்த பாட்டில் முழுக்க ஊத்துனேன்."

மரியானின் கையில் ஒரு மூடி இருந்தது. அதைக் கீழே வைக்கத் தெரியாமல் வைத்திருந்தான்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"சொன்னா சிரிப்பாக. சொல்லல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நேத்துலேருந்து நெனச்சி நெனச்சிப் பாக்கேன். என்னால ஆனத நான் செஞ்சிட்டேன், மரியான். அது ஒண்ணுதான் எனக்கு இருக்கு. அதுவும் செய்யாம விட்டிருந்தேன்னா இப்ப அந்தக் குழியில நானுமில்ல விழுந்திருப்பேன்."

அவள் ஜெபமாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

பள்ளிக்கூட நாளில் மரியான் கோயிலில் பூசை உதவிக்கு நின்றவன். தீர்த்தம் மந்திரிக்கிற அன்று உப்புத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவன் வேலை. சாமியார் முதலில் உப்பை மந்திரிப்பார், அப்புறம் தண்ணீரை. பிறகு லத்தீனில் சொல்லிக்கொண்டே உப்பை அள்ளி மூன்று முறை தண்ணீரில் தூவிக் கலப்பார். அளவு ஒரு சிட்டிகை போதும். ஆனால் இது உப்பு விளைகிற ஊர். உப்பளத்துக்காரர்கள் கோயிலுக்கென்று மூட்டையாகவே இறக்குவார்கள். கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை தட்டைக் குவித்துத்தான் கொடுப்பார். தீர்த்தத் தொட்டியில் விரலை முக்கி நெற்றியில் வைத்துவிட்டுத் தெரியாமல் நக்கிப் பார்க்காத பிள்ளை அந்தக் கோயிலில் கிடையாது. கரிக்கும்.

அந்தத் தண்ணீர் ரெண்டு மாதமாக இந்தப் பேட்டரிக்குள் போயிருக்கிறது. வியாழக்கிழமை ஒரு பாட்டில் முழுக்க.

உள்ளே போய்ச் சொல்லிவிடலாம். ரோச்சைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து இந்த ஓட்டைகளைக் காட்டலாம். வாய்வரை வந்தது. அவளை வெறுத்தான், சத்தியமாக வெறுத்தான். ஒரு வார்த்தை அண்ணனிடம் சொல்லியிருக்கக் கூடாதா, தன்னிடம் கேட்டிருக்கக் கூடாதா? அந்த வெறுப்பு அடங்கவே இல்லை. அதற்குள்ளேயே இன்னொன்று முளைத்தது. அது ஒண்ணுதான் எனக்கு இருக்கு என்று அவள் சொன்னாளே. அதையும் பிடுங்கிக்கொண்டால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கும்?

வன்னியபெருமாள் அண்ணாச்சி மாலையோடு வந்தார். உள்ளே போய் மாலையைச் சாத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேராக ஷெட்டுக்கு வந்தார். பம்பரில் திருகியிருந்த விளக்கு ஒயரைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அண்ணன் ஒயரக் கழட்டித்தான் வச்சிருந்தான். பேட்டரில உப்புத்தண்ணி போனா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? தகட்டத் தின்னுரும். ஓடுத வரைக்கும் தெரியாது. நின்ன எடத்துலயே இறங்கிரும்லா." அவர் குனிந்து மூடி இல்லாத ஓட்டைகளைப் பார்த்தார். "என்னடே இது, வாய்வரைக்கும் நிக்கி? எவன் ஊத்துனான்?"

மரியானின் கண் வீட்டுப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. அண்ணாச்சி அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"யாரும் ஊத்தல அண்ணாச்சி" என்றான்.

கோயிலில் துக்கமணி அடிக்க ஆரம்பித்தது. பெட்டியைத் தூக்க ஆட்களைக் கூப்பிட்டார்கள். மரியான் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான். ஆசிட் பட்ட இடம் எரிந்தது. மூடாத பெட்டிக்குள் அண்ணன் முகத்தை இப்போது பார்க்க முடிந்தது. மழுங்கச் சிரைத்துவிட்டிருந்தார்கள். கையில் ஜெபமாலை. மூடியை வைத்து ஆணி அடித்தபோது பிலோமி போட்ட சத்தத்தில் வெளியே நின்றவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தலைமாட்டுப் பக்கம் தூக்குவது தம்பியின் இடம். மரியான் குனிந்து கை வைத்தான். ரோச் அவன் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினான்.

"நீ தூக்காத."

"மச்சான்..."

"கொன்ன கையி தூக்கப்படாது. தள்ளு."

முற்றத்தில் எல்லாரும் அப்படியே நின்றார்கள். வெளியே வாசல்படியில் நின்ற அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. வேற்றுச் சாதி, வேற்று வேதம், எழவு வீடு, இதெல்லாம் தெரிந்தும் வாயைத் திறந்தார்.

"ரோச்சு, அவசரப்பட்டுப் பேசாத. இது அவன் ஒயரு குத்தம் இல்ல. ஒயரத்தான் சிலுவ கழட்டி வச்சிருந்தாம்லா? கழட்டுனதுக்குப் பெறவு ஒயரு எப்பிடிக் குடிக்கும்? கோளாறு பேட்டரிக்குள்ளதான்..."

"பேட்டரிக்குள்ளயா?" என்றாள் பிலோமி. பெட்டியின்மேல் கிடந்த தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். "அதுக்குள்ள ஒரு கோளாறும் வர வழி இல்லியே அண்ணாச்சி. அதுக்குள்ள நான்..."

"என் ஒயருதான்" என்றான் மரியான்.

எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"என் ஒயருதான், அண்ணாச்சி. அண்ணன் கழட்டுனது பெரிய ஒயரு. நான் இழுத்ததுல ரெண்டு முனையும் தனியா, நேரா பேட்டரிலயே குடுத்திருந்தேன். அத அவன்ட்ட நான் சொல்லல. நடுவுல எங்கனயோ தோல் உரிஞ்சிருக்கு. இப்பத்தான் பாத்தேன்."

மில்லில் பத்து வருஷம் வேலை பார்த்தவன் சொல்கிற பொய், சுத்தமாக இருந்தது. அண்ணாச்சிக்கு மட்டும் அது பொய்யென்று தெரியும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அந்த ஒயரின் ஒரு முனை பேட்டரியில் இல்லாமல் பம்பரில் திருகியிருப்பதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். ரோச் அவரைப் பார்த்தான். "அப்படியா அண்ணாச்சி? நீங்க பாத்தீகளா?"

அண்ணாச்சி மரியானைப் பார்த்தார். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடக்கிறவளைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா. அப்படித்தான் குடுத்திருக்கான்" என்றார். சொல்லிவிட்டுப் படியை விட்டு இறங்கித் தெருவில் போய் நின்றுகொண்டார்.

பிலோமி எழுந்தாள். அவள் அடிப்பாள் என்று மரியான் எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவள் அடிக்கவில்லை.

"எத்தன ஞாயித்துக்கெழம கேட்டாக ஒன்கிட்ட" என்றாள். குரலே இல்லை. "தம்பி பாப்பான், தம்பி பாப்பான்னு எங்கிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தாக." பெட்டியின் மூடிமேல் கையை விரித்து வைத்தாள். "பெட்டியத் தொடாத."

தலைமாட்டின் ஒரு பக்கத்தை ரோச் தூக்கினான். மரியான் நின்றிருந்த இடத்துக்கு ரோச்சின் தோணியில் வேலை பார்க்கிற ஒருவன் வந்து தோள் கொடுத்தான். ரோச்சைவிட அவன் குட்டை. பெட்டி அந்தப் பக்கம் சரிந்துகொண்டே தெருவில் போனது.

மரியான் கூட்டத்தின் கடைசியில் நடந்தான். பக்கத்தில் யாரும் வரவில்லை. கோயிலில் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றான். சாமியார் பெட்டியைச் சுற்றிவந்து தீர்த்தம் தெளித்தபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டான். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் ஒரு பிடி மண் போட்டு நகர்ந்தபின் அவனும் போய்ப் போட்டான். அதை யாரும் தடுக்கவில்லை. மண்ணும் மணலுமாக இருந்ததால் பெட்டியின்மேல் பெரிய சத்தம் கேட்கவில்லை.

வீடு திரும்பினபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் கொண்டுவந்திருந்த கஞ்சியைப் பந்தலுக்குக் கீழே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மரியான் பின்வாசல் வழியாகப் போய்க் கொடியில் கிடந்த தன் ரெண்டு சட்டையையும் மில்லுக்குப் போடுகிற காக்கி உடுப்பையும் எடுத்துப் பைக்குள் திணித்தான். ரோச் வாசலில் நின்று பார்த்தான். "மில் லைன் வீட்டுல எடம் கெடைக்கும்லா?" என்று கேட்டான். இப்போது கத்தவில்லை.

"கெடைக்கும் மச்சான்."

"அவ முகத்துக்கு முன்னால நீ கொஞ்ச நாளைக்கு வராம இருக்கதுதான் நல்லது."

"சரி."

முன்வாசலில் பாயைப் போட்டு பிலோமியை உட்காரவைத்திருந்தார்கள். புறப்படுகிறவர்கள் ஒவ்வொருவராக அவள் முன்னால் வந்து கையைக் குவித்தார்கள். அவளும் குவித்தாள். எழவு வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. வாய் திறக்காமல் இறங்கிவிட வேண்டும். தருவைகுளத்திலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரர்களின் வரிசைக்குப் பின்னால் மரியான் பையோடு நின்றான். வரிசை நகர்ந்தது. யாரோ ஒரு கிழவர் கும்பிட்டுவிட்டு விலகியதும் அவன் முறை வந்தது.

பிலோமி நிமிர்ந்து பார்த்தாள். அவன் கையில் இருந்த பையையும் பார்த்தாள். அவள் உதடு ஒரு தரம் பிரிந்தது. சாப்பிட்டுப் போ என்று தினமும் சொல்லிப் பழகின வாய். பிறகு அது மூடிக்கொண்டது. முன்னால் போன கிழவருக்குக் குவித்த மாதிரியே அவனுக்கும் கையைக் குவித்தாள்.

மரியான் பையைத் தரையில் வைத்துவிட்டுத் தன் கையைக் குவித்தான். பிறகு செருப்புக் குவியலில் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் தெருவில் இறங்கினான்.